நாலு வால்வு மூடிகள்

அத்தியாயம் 6

திருடர்களுக்கும் மனச்சாட்சி உண்டு என்பதை நிலுக்சன் ஒத்துக்கொள்வான். ஆனால் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, காரின் அடிப்பாகம் கீறல் படக் கூடாதே என்று முட்டுக்கொடுத்த தென்னங்குற்றிகளின் மேல் சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போகிற திருடனை, புத்தளம் மாவட்டம் முழுக்க ஆட்டோ ஓட்டியும் அவன் கண்டதில்லை.

"மிஸ், இவன் நாளைக்கு வந்து காரைக் கழுவியும் விடுவான். அவசரப்பட்டுப் பிடிச்சிராதேங்கோ," என்றான்.

லெய்லா அபாயாவை ஒரு கையால் சுருட்டிப் பிடித்தபடி காருக்கு முன்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட வாகனங்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தே காலம் தள்ளியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடாததால் புத்தளம் டவுனில் துப்பறியும் நிலையம் என்று ஒரு பலகை மாட்டிவிட்டார். அங்கே நிலுக்சன்தான் சாரதி, உதவியாளர், கேட்காமலே பகிடி விடுகிறவர் எல்லாம்.

கார் பாலாவியில், ஹுனைஸ் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் நின்றது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, குந்தியிருந்தது. ரத்தச் சிவப்பு, இரண்டே கதவு, இரண்டே இருக்கை, யப்பான் ஸ்போர்ட்ஸ் கார். கட்டாரில் உழைத்த காசில் ஹுனைஸ் வாங்கியது. காரோடு வந்த சக்கரங்கள் அவன் கண்ணுக்குச் சப்பையாகத் தெரிந்தன. கொழும்புக்குப் போய் அகலமான அலோய் ரிம் நாலும், அதற்கேற்ற பட்டை டயர் நாலும் வாங்கி வந்து மாட்டினான். பழைய சக்கரங்களைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டிச் சாவியைத் தன் கொத்திலேயே கோர்த்துக்கொண்டான். சனிக்கிழமை மறுபடி கொழும்புக்குப் போனவன், சொன்ன நாளைக்கு முன்பே நேற்றுத் திரும்பி, ஆசையோடு காரின் உறையை இழுத்துப் பார்த்தால் இந்தக் கோலம்.

"யார் எடுத்தது எண்டு எனக்குத் தெரியும், மிஸ்," என்றான் ஹுனைஸ். ஆறடி உயரம், கோபத்தில் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தான். "அந்த டயர்காரன் முபாரிஸ்தான். மாட்டுறப்பவே சொன்னான், இந்த வீல் இந்தக் காரில ஒரு மாசம் நிக்காது எண்டு. ஞாயித்துக்கிழமை அவன்ட பிக்கப்பில நாலையும் ஏத்திக்கிட்டுப் போனத பக்கத்து வீட்டு ருஷ்தா கண்டிரிக்கா. எங்கடா எண்டு கேட்டா 'வரும்' எண்டான். ஏன்டா எடுத்தாய் எண்டு கேட்டா அதுக்கும் 'வரும்'. பஸ் ஸ்டாண்டில டைம்கீப்பர்ட்ட கேட்ட மாதிரி இரிக்கி!"

"போலீசுக்குப் போகல்லையா?" என்று கேட்டார் லெய்லா.

"போறதுக்கு அவன் வேற ஆளா? வெள்ளிக்கிழமை என்ட தங்கச்சிக்கு மாப்பிள்ளையாகப் போறவன். வாப்பா மௌத்தாகி அடக்கம் செஞ்ச பிறகு வொலி நான்தான். நான் சம்மதிச்சு ஒப்புக்குடுக்காம நிக்காஹ் நடக்காது. ஒரு கள்ளனுக்கு நான் தங்கச்சியக் குடுக்கிறதா? இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் பாப்பன். பிறகு கலியாண மண்டபத்துக்குப் போன் எடுத்து வேணாம் எண்டு சொல்லிருவன்."

வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. சப்னா. லெய்லாவை வரவழைத்தவளே அவள்தான். காலையில் போனில் அவள் சொன்னது இரண்டே வசனம்: 'அவர் கள்ளன் இல்ல, மிஸ். ஆனா வாயத் திறக்கிறார் இல்ல.' அண்ணனைப் போலவே உயரமான பெண், இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குறுகி நின்றாள். நிலுக்சனுக்குப் பாவமாக இருந்தது.

தாய் சுல்பிகா தேத்தண்ணி கொண்டுவந்தார். குள்ளமான, சுறுசுறுப்பான மனுசி. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தட்டை நீட்டி, "ஆறப் போகுது, குடிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நிலுக்சன் கோப்பைக்குக் கீழிருந்த பீரிசில் ஊற்றிக் குடித்து முடித்துக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் நீல எனாமலில் ஒரு பொட்டு. கந்தூரி விருந்துக்கும் கலியாணத்துக்கும் இரவல் போகிற பாத்திரங்கள் மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு வீடு வைக்கிற அடையாளம். அவன் அம்மா வீட்டில் பச்சை.

"ஏறிப் பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே நிலுக்சன் காரின் சாரதி இருக்கையில் நுழையப் பார்த்தான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் மாட்டி, முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் வர முடியாமல், லெய்லா இழுத்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அவரே ஏறி வசதியாக அமர்ந்து, காலால் கிளச்சை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, கோப்பை வைக்கிற குழிக்குள் விரலை விட்டுத் துழாவினார். உள்ளங்கையை விரித்தபோது நாலு சின்னக் கறுப்பு மூடிகள் இருந்தன.

"இது என்ன?"

"வால்வு மூடி, மிஸ். டயருக்குக் காத்தடிக்கிற வாயில போடுற தொப்பி."

"கள்ளன் வீலக் கொண்டு போறான். தொப்பிய மட்டும் ஏன் விட்டிட்டுப் போறான்?"

"மறந்திருப்பான்."

"வீலில இரிக்கிற மூடி வீலோடயே போயிரும். மறக்கிறதுக்கு முதல்ல அதக் கழட்டணும். ஏன் கழட்டினான்?"

நிலுக்சன் பகிடி விடாமல் ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அது அரிதாகத்தான் நடக்கும்.

---

முபாரிஸின் டயர் கடை பாலாவிச் சந்தியில், சீமெந்து லொறிகள் திரும்புகிற வளைவில் இருந்தது. ஒல்லியான உயரமான இளைஞன். கள்ளன் என்று பெயர் வாங்கினவனுக்கு இருக்க வேண்டிய கலக்கம் கொஞ்சமும் இல்லாமல், ஒரு லொறி டயரை உருட்டிக்கொண்டு வந்தான். அகலச் சக்கரம் பற்றிக் கேட்டதும் உருட்டுவதை நிறுத்திவிட்டான்.

"அகலம் கூடினா நல்லம்தான், மிஸ். நான் இல்லை எண்டு சொல்லல்ல. றோட்ட நல்லாப் புடிக்கும், வளைவில கார் அசையாது, பாக்கவும் வடிவு. ஆனா ரிம் வெளியால தள்ளிக்கிட்டு நிக்கும். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயர் மட்காட்டில உரசும். ரிம் பெருசாக டயர்ட பக்கச் சுவர் சின்னதாகிரும். அவர் வாங்கினதுக்குச் சுவர் ரெண்டு விரல் அளவும் வராது. குழியில விழுந்தா அடி நேரா ரிம்முக்குத்தான். ஒரு சைஸ் கூட்டுங்க ஹுனைஸ் நானா, எங்கட ஊர் றோட்டுக்கு அது காணும் எண்டன். கேட்டாத்தானே. கொழும்பில இரிக்கிறதிலயே அகலமானதத் தூக்கிக்கிட்டு வந்திட்டார்."

"அதுக்காகக் கழட்டிக்கிட்டுப் போயிட்டீங்களா?"

"வியாழக்கிழமை வரும், மிஸ்."

"பாருங்கோ, முன்னேற்றம்! எங்களுக்குக் கிழமையும் சொல்லிட்டார்," என்றான் நிலுக்சன்.

லெய்லா கேட்டார்: "டயருக்கு வேலை செய்யேக்க வால்வு மூடியக் கழட்டி எங்க வைப்பீங்க?"

முபாரிஸ் யோசிக்காமல் சட்டைப் பையைத் தட்டினான். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"காருக்குள்ள வைக்கிற இல்லையா?"

"நான் வெளியிலதானே குந்தியிருக்கன். காருக்குள்ள..." என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்தினான். லெய்லாவின் கையில் இருந்த நாலு மூடிகளையும் கண்டுவிட்டான். "மிஸ், பிளேன்ரீ ஒண்டு குடிக்கிறீங்களா?"

"வேணாம் மகன். எங்களுக்கு வேலை இரிக்கி."

ஆட்டோவில் ஏறியதும் லெய்லா சொன்னார்: "டயர்காரன் மூடியப் பொக்கட்டில போடுவான். கைக்கு எட்டுற குழியில போட்டது கார ஓட்டின ஆள். இறங்கி நாலு வீலிலயும் காத்தக் குறைச்சு, திரும்ப அடிக்கிறப்ப தேவைப்படும் எண்டு பக்கத்தில வெச்சிரிக்கி. எங்கட பக்கத்தில வாகனத்துக்குக் காத்துக் குறைக்கிறது எதுக்குடா?"

"மணலுக்கு!" என்று கத்தினான் நிலுக்சன்.

கற்பிட்டிக் கரையில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? மீன் லொறியானாலும் திருவிழாவுக்குப் போகிற வேனானாலும், தார் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் நிற்கும். சாரதி இறங்கி டயருக்குக் காற்றைக் குறைப்பான். காற்றுக் குறைந்த டயர் பரந்து கொடுக்கும், புதையாது. இந்தக் கரையில் அது செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது மாதிரியான பழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை.

"லொறி டயருக்குச் சுவர் இரிக்கி, பரந்து குடுக்கும்," என்றார் லெய்லா. "ரெண்டு விரல் சுவர் எப்பிடிப் பரக்கும்? காத்துப் போனா டயர் ரிம்ம விட்டுக் கழலும். பிறகு ரிம்தான் நேரா அடி வாங்கும். வீல் களவு போகல்லடா. நெளிஞ்சு போச்சு. முபாரிஸ் அதத் திருத்தக் குடுத்திட்டு, ஓட்டின ஆள மறைக்கிறான்."

நிலுக்சனின் மூளை உடனே தன் வழக்கமான பாதையில் ஓடியது. எந்த வழக்கிலும் அவனுக்குக் காதல் இல்லாமல் முடியாது. "மிஸ், ரெண்டு சீற் கார். தமையன் ஊரில இல்ல. மாப்பிள்ளையும் பொம்பிளையும் கலியாணத்துக்கு முன்னமே கடற்கரைக்கு ஒரு ரவுண்ட் போயிருந்தா?"

"அதுதான்டா எனக்கும் பயம்." லெய்லாவின் குரலில் பகிடி இல்லை. "அப்பிடி எண்டா ஹுனைஸுக்கு இது களவ விட மோசம். அந்தப் புள்ள தன்ட கலியாணத்தக் காப்பாத்தச் சொல்லித்தான் என்னக் கூப்பிட்டது. உண்மையக் கண்டுபிடிச்சு நானே அதக் கவுத்தாலும் கவுத்திருவன்."

"அப்ப திரும்பிப் போவமா?"

"பள்ளிவாசல்துறைக்கு விடு. காரின்ட முன்கொளுக்கியில தும்புக் கயிறு உரஞ்சின நார் ஒட்டியிரிக்கி. தடிப்பான கயிறு. கரைவலைக்காரங்க இழுத்திரிக்காங்க. இப்ப அங்கதானே கரைவலை போடுறாங்க?"

"ஓம், அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டியின்ர வலை. எங்கட அம்மாவுக்குச் சொந்தம்," என்று நிலுக்சன் ஆட்டோவைத் திருப்பினான். மனதுக்குள் தன் ஊகம் பிழைத்துப்போக வேண்டும் என்று மாதாவை மன்றாடினான். தன் ஊகத்துக்கு எதிராக அவன் மன்றாடியது அதுவே முதல் தடவை.

---

தார் முடிந்த இடத்தில் நிலுக்சன் ஆட்டோவை விட்டுவிட்டான். இருவரும் மணலில் நடந்தார்கள். வலை இழுக்கும் பாடு முடிந்து வலை கரையில் குவிந்து கிடந்தது. அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டி, பெரிய வயிறும் அதற்கேற்ற குரலுமாக, சூடை மீனைக் கூடைகளில் பிரித்துப் போடச் சொல்லி ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார்.

"கார் வந்ததுதான், இழுத்ததுதான்," என்றார், துப்பறியும் நிலையத்திலிருந்து வருகிறோம் என்று லெய்லா சொன்ன எடுப்பிலேயே. "ஆனா ஆர் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்."

"ஆர் எண்டு நான் கேக்கல்ல," என்றார் லெய்லா. "எப்பிடி இழுத்தீங்க?"

அவ்வளவுதான். சம்மாட்டிக்கு அந்தக் கதையை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று நாக்கு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. "அதை ஏன் கேக்கிறியள்! வீல் புதைஞ்சு, வயிறு மணலில முட்டி, ஆமை மாதிரிக் கிடந்தது. வலைக் கயித்தைக் கட்டி, அம்பாப் பாட்டுப் பாடி, முழுப் பேரும் சேர்ந்து இழுக்கிறம், அசையேல்ல. அப்ப உள்ளுக்கிருந்து எனக்கு ஏச்சு விழுகுது. 'கயித்த மேல தூக்காதீங்க, நிலத்தோட இழுங்க! தென்னோலைய வெட்டிப் போடுங்க! நான் ரெண்டாம் கியரில எடுக்கிறன்!' எண்டு. என்ர ஆக்களுக்கு முன்னால என்னை! சொன்னபடி செய்தம், வெண்ணெய் மாதிரி வந்திட்டுது. பிறகு அந்த டயர்காரப் பெடியன் காத்தடிக்கிற மெசினோட வந்து, காரைப் பிக்கப்பில கட்டிக் கொண்டு போனான்."

நிலுக்சன் கேட்டான்: "மாமா, காருக்குள்ள எத்தினை பேர் இருந்தவை?"

"ஒராள்தான்டா."

"பக்கத்துச் சீற்றில?"

"வட்டிலப்பம். பெரிய கண்ணாடிக் கோப்பையில. சீற் பெல்ற்றும் போட்டிருந்தது."

நிலுக்சனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை உப்பை இறக்கியது போலிருந்தது. சோடியாக யாரும் வரவில்லை. ஆனால் அப்படியென்றால் ஓட்டியது யார்? கரைவலைச் சம்மாட்டியையே ஏசுகிற துணிச்சலும், மணலில் இரண்டாம் கியரில் எடுக்கிற விவரமும், வட்டிலப்பத்துக்குப் பெல்ட் போடுகிற அக்கறையும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும்?

அவர்கள் திரும்பப் புறப்படும்போது, குடிசைப் பக்கமிருந்து சம்மாட்டியின் மனைவி மக்டலின் ஓடி வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை. மேலே துணி மூடிக் கட்டியிருந்தது. இறால் கருவாட்டு வாசம் அதைத் தாண்டி வந்தது.

"இதைக் குடுத்து விடுங்கோ. கோப்பை இங்கயே தங்கிப் போச்சு. வெறுங்கோப்பையாய்க் குடுக்கப்படாதுதானே, அதான் கொஞ்சம் இறால் போட்டிருக்கு."

அன்ரனிப்பிள்ளை தலையில் கை வைத்தார். "எடியே! நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்!"

"நான் என்ன பேரா சொன்னனான்? கோப்பையைத்தானே குடுக்கிறன்," என்றார் மக்டலின்.

"ஆரிட்டக் குடுக்கிற?" என்று லெய்லா கேட்டார்.

"துப்பறியிற ஆக்கள் எண்டு சொன்னியள்?"

லெய்லா கோப்பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு, கடலே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். நிலுக்சன் எட்டிப் பார்ப்பதற்குள் அபாயா மடிப்புக்குள் மறைத்துக்கொண்டுவிட்டார். வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே வந்தான். "ரோட்டப் பாத்து ஓட்டு," என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை. இடையில் ஹுனைஸுக்கு மட்டும் ஒரு அழைப்பு எடுத்தார்: பழைய சக்கரங்களை வெளியே எடுத்து, முபாரிஸைக் கூப்பிட்டுக் காரில் மாட்டிவைக்க வேண்டும், ஒரு சோதனை இருக்கிறது என்று.

---

அவர்கள் பாலாவிக்கு வந்தபோது சக்கரம் மாட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஹுனைஸும் முபாரிஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் நேரே பேசிக்கொள்ளவில்லை. பேச்சு ஜன்னல் வழியாகச் சுற்றி வந்தது.

"சப்னா, இடப்பக்க நட்ட இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லு."

"இடப்பக்க நட்ட இறுக்கட்டாம்."

"இறுக்கியாச்சு எண்டு சொல்லுங்க."

"இறுக்கியாச்சாம், நானா."

ஹுனைஸ் போனைக் கையில் எடுத்தான். "அஸராகப் போகுது, மிஸ். சோதனை என்ன எண்டு சொல்லுங்க. இல்லாட்டி நான் மண்டபத்துக்குச் சொல்லிருவன்."

லெய்லா அவனைத் தாண்டி நடந்து, கதவடியில் நின்ற சுல்பிகாவிடம் கோப்பையை நீட்டினார். "ராத்தா, உங்கட கோப்பை. மக்டலின் தந்துவிட்டது."

சுல்பிகா துணியைத் தூக்கி இறாலைப் பார்த்தார். கோப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபோது அதன் அடி நிலுக்சனின் பக்கம் திரும்பியது. நீலப் பொட்டு! அவனுக்குக் காலையில் முழங்கால் மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. கடைசியாக ஓட்டியவர் முன்னுக்கு இழுத்து வைத்த அந்த இருக்கையில் ஹுனைஸுக்கும் முபாரிஸுக்கும் சப்னாவுக்கும் முழங்கால் மாட்டும். குள்ளமான லெய்லாவுக்கு மட்டும் கால் சரியாக எட்டியது. அந்த உயரத்தில் இந்த வீட்டில் இன்னும் ஒரே ஒருவர்தான். நிலுக்சன் திறந்த வாயை மூடவில்லை.

"எந்த மக்டலின்? என்ன கோப்பை?" என்றான் ஹுனைஸ்.

முபாரிஸ் சட்டென்று எழுந்து நின்றான். "மிஸ், விடுங்க. நான்தான் எடுத்தன். கள்ளன் எண்டே இரிக்கட்டும். அவர் என்ன செய்யணுமோ செய்யட்டும்."

ஜன்னலில் சப்னா விம்மிவிட்டாள். அந்தச் சத்தத்தைத் தாய்க்குத் தாங்க முடியவில்லை. சுல்பிகா கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார்.

"அவர் கள்ளன் இல்ல. கார ஓட்டினது நான்."

ஹுனைஸ் சிரித்தான். "உம்மா, மருமகனக் காப்பாத்த நல்லாத்தான் பொய் சொல்றீங்க. உள்ள போங்க."

"மக்டலினுக்குக் கலியாணம் சொல்லப் போகணும், கூட்டிக்கிட்டுப் போ மகன் எண்டு எத்தின தரம் கேட்டன்? 'வாட்ஸ்அப்பில அனுப்பியாச்சு உம்மா' எண்டாய். வடக்கில இரிந்து அகதியா வந்து இறங்கின காலத்தில என்னோட உப்பளத்தில வெயில் காஞ்சவள். அங்கதான்டா நான் டிரக்டர் ஓட்டினன். கலியாணம் முடிச்ச பிறகு யாரும் என்னை ஓட்டச் சொல்லல்ல. என்ட மகள்ட கலியாணத்த அவளுக்குப் போனில படமா அனுப்புறதா? வாசல்ல போய் நிண்டு வாயால சொல்லணும். நீ கொழும்புக்குப் போனாய், சாவி ஆணியில தொங்கிச்சு, எடுத்தன். மணல் வந்திச்சு, காத்தக் குறைச்சன். இந்த ஊரில மணலுக்குப் போற எவன்தான் காத்துக் குறைக்காமப் போறான்? உன்ட டயர் அதுக்குக் கூடத் தாங்காது எண்டு எனக்குத் தெரியுமா?"

"ரெண்டு ரிம் நெளிஞ்சு, ஒண்டு வெடிச்சிரிக்கி," என்றான் முபாரிஸ் மெல்ல. "நாலையும் கொழும்பில திருத்தக் குடுத்திரிக்கன். மாமிய வாய் திறக்க வேணாம் எண்டு சொன்னது நான்தான்."

"நாலாவது துணைக்குப் போயிருக்குது," என்று நிலுக்சன் முணுமுணுத்தான்.

"நேத்து நீ வந்து நிண்டதில இரிந்து சொல்லத்தான் பாக்கிறன்," என்றார் சுல்பிகா. "ஏசுவாய் எண்டு பயமில்ல மகன். இனிச் சாவிய ஒளிச்சு வெச்சிருவாய் எண்டுதான் பயந்தன். அந்தப் பயத்தில இந்தப் புள்ளையக் கள்ளனாக்கிட்டன். அது என்ட பிழை."

ஹுனைஸ் இன்னும் நம்பவில்லை. "உம்மா, இது டிரக்டர் இல்ல. ஆறு கியர். கிளச் என்ன பாரம் தெரியுமா? உங்கட காலுக்கு..."

பிடிபட்டபோது வராத கோபம் சுல்பிகாவுக்கு அப்போதுதான் வந்தது. "சாவியத் தா," என்றார்.

"லைசன்ஸ் இருக்குதா, மாமி?" என்று நிலுக்சன் பணிவோடு கேட்டான்.

"ஒருதரமும் விடாமப் புதுப்பிச்சு வெச்சிரிக்கன். நீ உன்ட ஆட்டோவ எடுக்க வேணாம், தம்பி. அப்பிடியே நிக்கட்டும்."

ஆட்டோ படலையை அரைவாசி மறித்துக்கொண்டு நின்றது. மறுபக்கம் மதில் தூண். சுல்பிகா ஏறினார், கதவைச் சாத்தினார், கண்ணாடியை ஒருதரம் பார்த்தார். சிவப்புக் கார் ஒரே எடுப்பில் பின்னால் வழுக்கி, தூணுக்கும் ஆட்டோவுக்கும் நடுவால் வெளியே போய், றோட்டில் திரும்பி, பாலாவிச் சந்திப் பக்கம் மறைந்தது. ஹுனைஸ் படலைக்கு ஓடினான். முதலில் அவன் முகத்தில் இருந்தது பயம்தான். பிறகு கியர் மாறும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, "மூணு... நாலு..." என்று எண்ணத் தொடங்கினான். "உரசாம மாத்துறா," என்றான், யாரிடமும் இல்லாமல்.

கார் திரும்பி வந்து படலையடியில் நிற்கும்வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு முபாரிஸிடம் திரும்பினான். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"சொல்லியிரிக்கலாமேடா. கள்ளன் எண்டு ஊரே கேக்கக் கத்தினன். கலியாணத்தையும் நிப்பாட்டப் பாத்தன்."

"சொன்னா மாமிக்கு இனி வாழ்க்கையில சாவி கிடைக்காது, நானா. வியாழக்கிழமை வீல் வந்தா நீங்க ஆறிருவீங்க எண்டு நினைச்சன்."

ஹுனைஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். வெட்கம் அவனுடைய உயரத்துக்குப் பொருந்தவே இல்லை. "வெள்ளிக்கிழமை நான் காரோட வாறன், மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வர. ரெடியா இரி... இரிங்க."

"நீ இல்ல," என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல். "மாப்பிள்ளைய நான் கூட்டிக்கிட்டு வருவன்."

"உம்மா, ரெண்டு சீற்தானே இரிக்கி! அப்ப வொலி எப்பிடி வாற?"

சுல்பிகா கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி நிலுக்சனின் ஆட்டோவைக் காட்டினார்.

"பூ எல்லாம் கட்டித் தாறன்," என்றான் நிலுக்சன். "கோர்ன் சத்தம் மட்டும் கொஞ்சம் தொண்டை அடைச்சது."

ஹுனைஸ் ஆட்டோவைச் சுற்றி நடந்தான். குனிந்து அதன் பின் சக்கரத்தை வெகுநேரம் பார்த்தான். விரலால் அகலத்தை அளந்தான். நிலுக்சன் அவசரமாக ஆட்டோச் சாவியைப் பைக்குள் போட்டான். ஹுனைஸ் நிமிராமலே கேட்டான்:

"இதுக்கு எவ்வளவு கூட்டலாம், மச்சான்?"

'மச்சான்' என்ற சொல்லுக்கு முபாரிஸ் நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் சப்னா அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஒரு சைஸ்," என்றான் முபாரிஸ். "அதுக்கு மேல வேணாம், மச்சான்."